பெயர் ஒன்றானால்

பழைய கார் ரேடியோவில் நிலையம் மாற்ற ஐந்தாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் உள்ளே போகும். முன்பு உள்ளே போயிருந்தது 'டக்'கென்று வெளியே வரும். இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்க முடியாது. அந்த ரேடியோக்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. பெயர் மட்டும் இணையப் படிவங்களில் சின்ன வட்டங்களுக்கு ஒட்டிக்கொண்டது: ரேடியோ பட்டன்.

காரில் ஒரு பொத்தானை இன்னொன்று தள்ளியது. அந்தப் படிவங்களை எழுதும் எச்.டி.எம்.எல்.லில் தள்ளுவது யார்? இந்த இடத்தில்தான் எனக்கு மனம் லயிக்கிறது. 'ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்' என்று எந்த வரியிலும் எழுதுவதில்லை. காப்பி, டீ, பால் என்று மூன்று இன்புட். மூன்றுக்கும் டைப் 'ரேடியோ'. மூன்றுக்கும் நேம் 'பானம்'. அவ்வளவுதான். பெயர் ஒன்றானதும் மூன்றும் ஒரு குடும்பமாகிவிடுகின்றன. டீயில் புள்ளி விழுந்தால் காப்பியின் புள்ளி தானே மறைகிறது. கை தவறிப் பாலுக்கு மட்டும் 'பாணம்' என்று தட்டியிருந்தால்? பால் தனிக்குடித்தனம் போய்விடும். காப்பியிலும் புள்ளி, பாலிலும் புள்ளி. காதைத் திருகி ணகர னகரம் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர்கூட இத்தனை கறார் இல்லை. அதே பக்கத்தில் வேறொரு படிவத்திலும் 'பானம்' இருக்கலாம்; இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படிவத்தின் வாசற்படியோடு சொந்தம் முடிகிறது.

நேம் குடும்பப் பெயர் என்றால், வேல்யூ ஆளின் பெயர். அதை மறந்து ஒருமுறை அலுவலகச் சிற்றுண்டிக்குப் படிவம் போட்டேன். திரையில் குறையே தெரியவில்லை. வந்த பதில்கள் எல்லாம் ஒரே சொல்: 'ஆன்'. வேல்யூ இல்லாத ரேடியோ பட்டன் அப்படித்தான் பதில் அனுப்பும். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுத் தலைமறைவானேன்.

1995-இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 விதி, ஒரு குழுவில் எப்போதும் ஒன்று தேர்வாகி இருக்க வேண்டும் என்றது. 'செக்டு' என்று எதையும் குறிக்காவிட்டால் உலாவியே முதல் பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். சில உலாவிகள் அதன்படி நடக்கவில்லை. எல்லா வட்டங்களும் காலியாகத் தொடங்க இன்றைய விதி இடம் தருகிறது. எனக்கு இதுவே பிடிக்கிறது. வாய் திறக்காதவருக்குக் காப்பி ஊற்றுவானேன்? ஆனால் ஒருமுறை தொட்டுவிட்டால் பழைய வெறுமைக்கு எளிதில் திரும்ப முடியாது, படிவத்தையே ரீசெட் செய்தால்தான் உண்டு. அதனால் 'எதுவும் வேண்டாம்' என்பதற்கும் ஒரு வட்டம் வைப்பது மரியாதை.

வட்டமோ மிளகளவு. பொத்தானையும் சொல்லையும் சேர்த்து லேபிளுக்குள் வைத்துவிட்டால் 'காப்பி' என்ற எழுத்தைத் தொட்டாலே புள்ளி விழும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு அது எத்தனை ஆறுதல்! இந்த ஒரு வரியைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

டேப் விசை இந்தக் குடும்பத்துக்குள் ஒருமுறைதான் நுழையும். உள்ளே நடமாட அம்புக்குறி விசைகள்; போகிற இடத்துக்குப் புள்ளியும் கூடவே போகும். அடுத்த படிவத்தில் மவுஸை விட்டுவிட்டுக் கீழம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருங்கள். காப்பி, டீ, பால் என்று இறங்கி, மறுபடி காப்பிக்கே வந்து நிற்கும்.