கடலில்லா ஊரில் டின் மீன்

ராஜபாளையத்துக்குத் தெற்கே சோழபுரத்தில் ஒருவர் சாளை வாங்குகிறார் என்றால், அது கரையை விட்டு வெகுநேரம் ஆன சாளை. தூத்துக்குடியிலிருந்து வந்தாலும் சரி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்திலிருந்து வந்தாலும் சரி, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஐஸ் பெட்டிக்குள் கிடந்து, கைமாறிக் கைமாறித்தான் தெருவுக்கு வருகிறது. வஞ்சிரமும் பாறையும் இந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும். சாளை தாங்காது. உடம்பெல்லாம் கொழுப்பு ஊறிய மீன் அது. வயிறு சீக்கிரம் உடையும், கொழுப்பு சீக்கிரம் காறும். எந்தக் கொழுப்புக்காக மருத்துவர்கள் அதைச் சாப்பிடச் சொல்கிறார்களோ, அதுதான் முதலில் கெடுகிறது. டின்னில் அடைத்த மீனை நம் ஊரில் வைத்து எடைபோடும்போது இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கத்திலேயே படகு வந்து சேரும் ஊர்க்காரர் கேட்கிற கேள்வி வேறு, நாம் கேட்கிற கேள்வி வேறு.

நமக்குத் தெரிந்த பழைய விடை கருவாடு. சந்தையில் அதற்கென்று தனி வரிசையே உண்டு. நெத்திலிக் கருவாட்டின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாளை, அயலை போன்ற கொழுப்பு மீன்களுக்குக் கருவாடு நல்ல வழி அல்ல. வெயிலிலும் காற்றிலும் நாள்கணக்கில் கிடக்கும்போது ஒமேகா-3 கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைகிறது. அந்தக் காறல் வாடையைச் சிலர் விரும்பலாம். சத்து போனது போனதுதான். உப்போ கணக்கில்லாமல் ஏறியிருக்கும். டின்னில் நடப்பது நேர்மாறானது. தலையும் குடலும் நீக்கிய மீனை அடுக்கி, எண்ணெயோ தக்காளிச் சாறோ உப்புநீரோ ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடிவிட்டு, அதன் பிறகே அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கொடிய நுண்ணுயிரியின் வித்துகளை அழிப்பதற்காக வைத்த வெப்பம் அது. மூடிய டின்னுக்குள் வேகுவதால் கொழுப்பைக் காறவைக்கக் காற்று இல்லை. பி1 போன்ற சில வைட்டமின்கள் குறையும். ஒமேகா-3 பெரும்பாலும் தங்கிவிடும்.

அந்த வெப்பத்தில் இன்னொன்றும் நடக்கிறது. முள் மெத்தென்று ஆகிவிடுகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் சாளை கொடுக்கத் தயங்குவது முள்ளுக்குப் பயந்துதான். டின்னில் முள்ளோடு மென்று விழுங்கலாம். எண்ணெய் வடித்த 100 கிராம் டின் சாளையில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைப்பது இந்த முள்ளால்தான். அதே 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதமும், இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரு ஒமேகா-3 கொழுப்புகள் சேர்ந்து ஒரு கிராம் அளவிலும், ஒரு நாள் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பி12-உம், ஓரளவு வைட்டமின் டி-யும் இருக்கின்றன. நம் கண்மாய்களில் பிடிக்கும் கெண்டையிலும் ஜிலேபியிலும் புரதம் உண்டு. இந்த இரு கொழுப்புகள் அந்த அளவுக்கு இல்லை. சாளை சிறிய மீன், குறைந்த ஆயுளுள்ள மீன் என்பதால் பாதரசமும் அதில் குறைவாகவே சேர்கிறது.

இதயத்தைப் பற்றிய பேச்சில்தான் நிதானம் வேண்டும். 1970களில் பாங், டயர்பெர்க் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து இனுவிட் மக்களைப் பார்த்துவிட்டு எழுதியதிலிருந்து இந்த நம்பிக்கை வளர்ந்தது. வேல்ஸில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 2,033 ஆண்களில், கொழுப்பு மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களிடையே இரண்டாண்டு இறப்பு 29 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆய்வுக் குழுவினர் நெஞ்சுவலி உள்ள 3,114 ஆண்களிடம் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், மீன் மருந்தல்ல, நல்ல உணவு என்பதுதான் நிற்கிறது. அது எதற்குப் பதிலாகத் தட்டில் வருகிறது என்பதும் முக்கியம். இரவு ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வருகிறவர் எண்ணெய்ப் புரோட்டாவை விட்டுச் சோற்றோடு சாளை சாப்பிட்டால் பலன் உண்டு. புரோட்டாவுக்கு மேலே அதையும் சேர்த்துக்கொண்டால் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை.

இனிக் குறைகள். முதற்குறை, நம் கடை அலமாரியில் டின் மீன் என்று பெரும்பாலும் கிடைப்பது சூரை. அது நல்ல புரதம், ஆனால் கொழுப்பு மீனின் கணக்கில் வராது; பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டி டின் சூரையை அந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஒமேகா-3 என்று நம்பி அதை வாங்குபவர் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். இரண்டாவது, விலை. ஏழைகளின் மீன் என்று பெயரெடுத்த சாளை, டின்னுக்குள் போனதும் வசதியானவர்களின் பண்டமாகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. உப்பும் உண்டு, கருவாட்டைவிட வெகு குறைவு என்றாலும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டின்னின் மேல் எழுதியிருப்பதை வாசித்துத்தான் வாங்க வேண்டும். யூரிக் அமிலம் கூடியவர்களும் அதனால் மூட்டு வீக்கம் உள்ளவர்களும் சாளையை டின்னிலும் தவிர்க்க வேண்டும், குழம்பிலும் தவிர்க்க வேண்டும். டின்னின் உட்பூச்சில் இருக்கும் பி.பி.ஏ. வேதிப்பொருளை உணவுப் பொதிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தடை விதித்தது. உப்பிய டின்னை வாங்கக் கூடாது. திறந்த டின்னிலேயே மிச்சத்தை வைக்கவும் கூடாது.

ருசிக்கு இலங்கைத் தமிழர்களைத்தான் கேட்க வேண்டும். அங்கே 425 கிராம் டின் மீன், பருப்பும் சீனியும் போல வீட்டுச் சாமான். மலையகத் தோட்டங்களிலும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அது குழம்பாகிறது, சம்பலாகிறது, கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் உள்ளே போகிறது. மலேசியத் தமிழர் வீடுகளில் தக்காளிச் சாற்றில் ஊறிய சாளை சம்பலாகிறது. 1892-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஆயாம் பிராண்ட் இன்னும் அங்கே விற்கிறது. இவர்கள் யாரும் அதைப் பச்சை மீனுக்கு மாற்றாக நினைத்துச் சலித்துக்கொள்வதில்லை. அதன் ருசி தனி ருசி. ஏற்கெனவே வெந்த மீனைக் கொதிக்கும் புளிக்குழம்பில் போட்டுக் கரையவிட்டுவிட்டு நன்றாக இல்லை என்பது நம் கைப்பிழை. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் வதக்கி, இறக்கும் நேரத்தில் சாளையைச் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். சுறாப்புட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். தக்காளிச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், மீனின் கொழுப்பில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கிறது.

ஆகவே என் சண்டை டின்னோடு அல்ல. சாளையை நமக்காக அடைப்பவர் இல்லை என்பதுதான் என் வருத்தம். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணியைத் தொடங்கிய பிரடெரிக் நிக்கல்சன் காலத்திலேயே மலபார் கரையில் பேப்பூர்ப் பக்கம் அரசே சாளையை டின்னில் அடைத்துப் பார்த்தது. இன்று அந்த மேற்குக் கரையின் சாளை நிறைய மீன்மாவு ஆலைக்குப் போய் இறால் தீவனமாகிறது. கடலும் முன்போல் வாரி வழங்குவதில்லை: 2012-இல் நாலு லட்சம் டன் அளவுக்குச் சாளை பிடித்த கேரளத்தில் 2021-இல் ஏறத்தாழ 3,300 டன்தான் கிடைத்தது. கிடைப்பது கூடும்போதும் குறையும்போதும் மனிதன் சாப்பிடுவதற்கே முதல் உரிமை இருக்க வேண்டும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் டின்னைவிட மெலிந்த, எடை குறைந்த பொதிப் பைகளில் மீன் குழம்பை அடைத்துக் கெடாமல் வைக்கும் முறையை எப்போதோ செய்து காட்டிவிட்டது. அந்த வேலையைக் கரையிலேயே செய்ய வேண்டும். பிடித்த மீனை நேரங்கழித்து அடைத்தால் அதற்குள் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எந்த வெப்பத்திலும் போகாது. தூத்துக்குடியில் பிடித்த அன்றே அடைத்த நூறு கிராம் சாளைப் பை, கூட்டுறவுக் கடை வழியாக சோழபுரத்துக்கும் சேத்தூருக்கும் வரட்டும். அதை ஐஸ் இல்லாமல், சாதாரணச் சரக்கு லாரியிலேயே கொண்டுவரலாம்.