பேஸ் காதில் விழுகிறதா?

வாரத் தொகுப்பை வேகமான ராக் பாட்டில் தொடங்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவருவதில்லை. முதல் பாட்டிலேயே கிடார் அலறிவிட்டால், அடுத்து வரும் ரெகே சப்பென்று போய்விடும். என் தொகுப்பு பாப் மார்லியின் வெய்லர்ஸில்தான் தொடங்கும். சனிக்கிழமை ராத்திரி, பூண்டு வயல் வேலையெல்லாம் முடிந்து எங்கள் கூக்கால் கிராமம் அடங்கிய பிறகு, 90 நிமிடம். அதற்கு மேல் நீட்டுவதில்லை. அது சி-90 கேசட் காலத்துக் கணக்கு. கேசட் போய்விட்டது, அளவு மட்டும் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வாரம் முதலில் ‘ஸ்டிர் இட் அப்’. 1973-இல் வந்த ‘கேட்ச் எ ஃபயர்’ தட்டில் உள்ள வடிவம். 1972-லேயே ஜானி நாஷ் இதைப் பாடிப் பிரபலமாக்கிவிட்டார். இனிமையான பாட்டுதான், ஆனால் அதில் ஆஸ்டன் பாரெட் இல்லை. ‘ஃபேமிலி மேன்’ என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனுஷன் ஐந்தரை நிமிடமும் பேஸ் கிடாரில் ஏறக்குறைய ஒரே சொற்கட்டைத்தான் வாசிக்கிறார். வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அந்த இடைவெளிக்குள் தம்பி கார்ல்டனின் டிரம்ஸ் வந்து உட்காருகிறது. முதல் அடியைக் காலியாக விட்டுவிடும் அந்த ஒன் ட்ராப்பைக் கேட்கும்போதெல்லாம் சமம் தள்ளி எடுக்கிற நம் கீர்த்தனைகள் நினைவுக்கு வரும். அனாகத எடுப்புக்குத் தொடையில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு ரெகே ஒன்றும் அந்நியமில்லை.

1946-இல் கிங்ஸ்டனில் பிறந்தவர் ஃபேமிலி மேன். வெல்டிங் வேலை பார்த்தார், சைக்கிள் ரிப்பேர் செய்தார். முதல் பேஸைத் தானே செய்துகொண்டார். பிளைவுட்டில் உடல், மரச்சட்டத்தில் கழுத்து, தந்திக்குத் திரைச்சீலைக் கம்பி. ஒற்றைத் தந்தி என்றால் வேகம் காட்ட வழியில்லை, எந்த இடத்தில் தட்டுவது என்பதுதான் முழு வித்தையும். பின்னாளில் கையில் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் இருந்தபோதும் அவர் அந்தச் சிக்கனத்தை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. லீ பெர்ரியின் அப்செட்டர்ஸில் வாசித்த காலத்திலிருந்து மார்லியின் கடைசித் தட்டுகள் வரை கேட்டுப் பாருங்கள், தேவையில்லாத ஒரு ஸ்வரம் அகப்படாது.

இரண்டாவது ‘கான்கிரீட் ஜங்கிள்’. இதன் பேஸையும் ஃபேமிலி மேன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வாசித்தவர் ராபி ஷேக்ஸ்பியர், அப்போது இருபது வயது நிறையாத பையன், ஃபேமிலி மேனிடம் கற்றவர். சிஷ்யர் குருவைவிடத் துணிச்சலாக இடம் விடுகிறார். ஒரு கணம் பேஸ் நின்றேவிட்டதோ என்று கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகும்.

இந்தப் பாட்டில்தான் தூய்மைவாதிகளோடு எனக்கு வழக்கு. ஜமைக்காவில் பதிவான நாடாவின் மேல், லண்டனில் தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல் அலபாமாக்காரர் வெய்ன் பெர்கின்ஸை வைத்துக் கிடார் சேர்த்தார். ராக் ரசிகர்களை இழுக்கச் செய்த வேலை, மறுக்கவில்லை. 2001-இல் மூல வடிவங்கள் வெளிவந்ததும் லண்டன் வடிவத்தைக் கலப்படம் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெர்கின்ஸின் கிடார் மேலே மேலே போய்க் கதறும்போது, கீழே பேஸ் இம்மியும் அசையாமல் நிற்கிறது. அதன் பலம் அப்போதுதான் தெரிகிறது. ராக்கும் ரெகேயும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கிளாப்டன் 1974-இல் பாடிய ‘ஐ ஷாட் தி ஷெரிஃப்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் அது வழவழவென்று இருக்கிறது, என் தொகுப்பில் அதற்கு இடமில்லை.

வட்டக்கானல் பக்கம் கேம்ப் ஃபயர் மூட்டினால் கிடார் வைத்திருக்கும் பையன் தவறாமல் வாசிப்பது ‘ஹோட்டல் கலிபோர்னியா’. எல்லோரும் கடைசி இரட்டைக் கிடாருக்காகக் காத்திருப்பார்கள். டான் ஃபெல்டர் கொடுத்த மெட்டுக்கு ஈகிள்ஸ் முதலில் வைத்திருந்த பெயர் ‘மெக்சிகன் ரெகே’. இதை மனதில் வைத்துக்கொண்டு, சரணங்களில் ராண்டி மெய்ஸ்னரின் பேஸ் விட்டு விட்டு நடப்பதை மட்டும் ஒருமுறை கேளுங்கள். நான் இதை கிளாஷின் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாட்டுக்கு முன்னால் வைப்பேன். ஜூனியர் மர்வின் 1976-இல் பாடியதை மறு வருடமே லண்டன் பங்க் பையன்கள் எடுத்துக்கொண்ட பாட்டு அது. அதே கிளாஷின் 1982 பாட்டு ஒன்றிலிருந்து துண்டெடுத்து ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 2007-இல் ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ செய்தார். அதுவும் பின்னாலேயே வரும்.

நடுவில் ‘சின்னச் சின்ன ஆசை’ வைப்பேன். கேட்பவர்கள் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு. மார்லிக்குப் பிறகு கேட்டால்தான் அந்த 1992 பாட்டுக்குள் ரெகே நடை இருப்பது பிடிபடும். சினிமாவுக்கு முன்னால் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று ராக் குழு வைத்திருந்தவர்தானே ரஹ்மான்.

இதையெல்லாம் கைபேசியில் கேட்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. பேஸ் கிடாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. உள்ளங்கை அகல புளூடூத் டப்பாவுக்கு அந்த ஆழம் எட்டாது. கஃபே சுவரில் மார்லி படம், மேசை மேல் அந்த டப்பா, அதிலிருந்து குரலும் ‘ஸ்க்க… ஸ்க்க…’ என்ற கிடாரும் மட்டும். பாரெட் சகோதரர்கள் பாட்டிலேயே இல்லை! என் அறையில் இருப்பது பத்து அங்குல ஊஃபர் போட்ட பழைய ஸ்பீக்கர் ஜோடி. ‘எக்ஸோடஸ்’ ஓடும்போது அலமாரியில் உள்ள எவர்சில்வர் தம்ளர் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ரென்று அதிரும். ஸ்பீக்கர் துணியில் கை வைத்தால் ஒவ்வொரு தட்டலும் முட்டு முட்டாக விரலுக்கு வரும்.

மதுரையில் கேசட் பதிந்து கொடுத்த ஓர் அண்ணன் இருந்தார். பாட்டுப் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, “தம்பி, இதுக்கும் அதுக்கும் நடுவுல எவ்வளவு விடட்டும்?” என்று கேட்பார். மெதுவான பாட்டுக்குப் பின் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றைய செயலிகளில் ஒரு பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டிவிடும் வசதி வந்திருக்கிறது. வரிசையையும் கலைத்துப் போடுகிறார்கள். இடைவெளியில் உயிர் வைத்திருக்கும் இசைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. தொகுப்பு என்பது வரிசைதான். அது போனால் மிஞ்சுவது வெறும் பாட்டு மூட்டை.

கடைசிப் பாட்டு எப்போதும் ‘எக்ஸோடஸ்’, 1977. ஏழு நிமிடத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரே கார்டில். ஃபேமிலி மேன் 2024 பிப்ரவரி 3 அன்று 77 வயதில் மறைந்தார். அந்த வாரம் இதை இரண்டு முறை வைத்தேன்.

அடுத்த வாரம் ‘கேட்ச் எ ஃபயர்’ பாட்டுகளை ஜமைக்கா வடிவத்தில் வைக்கச் சொல்லி மன்னவனூர் நண்பர் நச்சரிக்கிறார். வைக்கிறேன். ‘கான்கிரீட் ஜங்கிள்’ மட்டும் லண்டன் வடிவம்தான்.