இருட்டுத் திரைக்கு முன் ஒரு 'பீப்'

பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. கோளாறு என்னவென்று கம்ப்யூட்டர் எழுதிக் காட்டலாம் என்றால், எழுத வேண்டிய திரைக்கே இன்னும் உயிர் வரவில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இதற்கு விடை இருந்தது: ஒரு சின்ன ஸ்பீக்கர். ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரல் உறுப்புகளைச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் குட்டையாக ஒரு 'பீப்'. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் சிக்கல். மிகக் குறைந்த உறுப்புகளை நம்பிப் பேசுவதுதான் இதன் அழகு. மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். 'ராம் இல்லை' என்று ஸ்பீக்கர் கத்தினால் பிராசஸரும் மதர்போர்டும் ஓரளவு வேலை செய்கின்றன என்று பொருள். சத்தமே இல்லையா? (ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.) சந்தேகம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர் பக்கம் திரும்பும். கண்டதையெல்லாம் மாற்றிச் செலவழிக்கிற வேலை மிச்சம்.

பயாஸுக்குப் பயாஸ் இந்த 'பீப்' கணக்கு மாறுகிறதே என்பார்கள். உண்மைதான், கையேடு இல்லாமல் எண்ணிக்கை பிடிபடாது. ஆனால் சத்தம் வந்ததா இல்லையா என்பதே தேடலைப் பெருமளவு சுருக்கிவிடும். இன்றைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ என்று பெயர் போட்ட குட்டி விளக்குகள் இருக்கின்றனவே என்றால், எண்ணும் தொல்லை இல்லாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேசைக்கடியில் மூடிக்கிடக்கும் கேபினெட்டுக்குள் எரியும் விளக்கை யார் பார்ப்பது? ஸ்பீக்கர் மாட்டும் பின்கள் இன்னும் பல போர்டுகளில் இருக்கின்றன. ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலும் சேர்த்துத் தருவதில்லை.