கடைக்காரர் சொன்னால்தான் போன்

2010 மார்ச்சில் பாம் நிறுவனம் வெளியிட்ட காலாண்டுக் கணக்கில் இரண்டு எண்கள் இருந்தன. அந்த மூன்று மாதத்தில் அது அனுப்பிவைத்த ஸ்மார்ட்போன்கள் 9,60,000. மக்கள் காசு கொடுத்து வாங்கியவை 4,08,000. அடுத்த மாதமே பாம் விலைபோனது; 120 கோடி டாலருக்கு அதை வாங்க எச்.பி. ஒப்பந்தம் செய்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றவர்கள் அமெரிக்காவின் கேரியர்கள், அதாவது செல்போன் சேவை நிறுவனங்கள். போனை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்கிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் கொடுத்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஓரளவு புரியும். அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலோர் போன் வாங்கப் போனது வெரைசான், ஏ.டி. அண்ட் டி., ஸ்பிரிண்ட், டி-மொபைல் என்ற நான்கில் ஒன்றிடம்தான். ஐந்நூறு டாலருக்கு மேல் விலையுள்ள போனை இருநூறுக்குத் தருவார்கள். மீதிப் பணத்தைத் தயாரிப்பாளருக்கு கேரியரே கொடுத்துவிடும். பதிலுக்கு வாடிக்கையாளர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் விலகினால் அபராதம். ஸ்மார்ட்போன்களுக்கு அந்த அபராதத்தை 2009 நவம்பரில் வெரைசான் 350 டாலராக உயர்த்தியது.

இன்னொரு பிடியும் இருந்தது. வெரைசானும் ஸ்பிரிண்டும் சி.டி.எம்.ஏ. நெட்வொர்க்குகள். அன்று அவற்றின் பெரும்பாலான போன்களில் சிம் கார்டு கிடையாது. போனின் வரிசை எண் கேரியரின் பட்டியலில் ஏறினால்தான் அதில் பேச முடியும். எவ்வளவு நல்ல போனைச் செய்தாலும், அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது வெறும் பெட்டிதான்.

ஆனாலும் இந்த ஏற்பாட்டை முழுக்கக் கெடுபிடி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் புரட்ட முடியாதவர் கையில் நல்ல போன் வந்தது இதனால்தான். கேரியர் சரக்கை எடுத்தவுடனே தயாரிப்பாளரின் கணக்கில் அது விற்பனையாக ஏறிவிடும். பணத்துக்குத் திணறிக்கொண்டிருந்த பாம் போன்ற நிறுவனத்துக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. கேரியரின் கடையே வேண்டாம் என்று விலகிப் பார்த்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும். 2010 ஜனவரி 5 அன்று கூகுள் நெக்ஸஸ் ஒன் போனைத் தன் இணையக் கடையில் மட்டும் விற்கத் தொடங்கியது. ஒப்பந்தம் இல்லாமல் 529 டாலர். வாங்குமுன் தொட்டுப் பார்க்க ஒரு இடமில்லை. கோளாறு என்றால் கூகுளிடம் கேட்பதா, தயாரித்த எச்.டி.சி.யிடம் கேட்பதா, சேவை கொடுத்த டி-மொபைலிடம் கேட்பதா என்று வாங்கியவர்கள் அலைந்தார்கள். வெரைசானிலும் வரும் என்று சொல்லப்பட்ட போன் கடைசிவரை வரவே இல்லை. மே மாதம் கூகுள் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. பணபலம் மிகுந்த கூகுளாலேயே அன்று அந்த கவுன்டரைத் தாண்டிப் போக முடியவில்லை.

பாமின் கதை எனக்கு இதைவிட வலிக்கிறது, ஏனென்றால் அது செய்த பொருளில் உண்மையிலேயே புது யோசனை இருந்தது. 2009 ஜனவரியில் லாஸ் வேகாஸில் காட்டப்பட்ட பாம் ப்ரீயில், திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியும் ஒரு சீட்டு போலச் சுருங்கி வரிசையில் நிற்கும். விரலால் பக்கவாட்டில் தள்ளி அடுத்ததற்குப் போகலாம். வேண்டாததை மேல்பக்கமாகத் தள்ளினால் போய்விடும். இன்று நம் போன்களில் நாம் யோசிக்காமலே செய்கிற அசைவு அது.

அந்தப் போன் 2009 ஜூன் 6 அன்று ஸ்பிரிண்டில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஸ்பிரிண்ட் மூன்றாவது இடத்தில் இருந்த, வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்த கேரியர். இரண்டே வாரத்தில் புதிய ஐபோன் வந்தது. பழைய ஐபோன் 99 டாலருக்கு இறங்கியது. வெரைசானின் கதவு ப்ரீக்குத் திறந்தது 2010 ஜனவரியில். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏ.டி. அண்ட் டி.யின் ஐபோனுக்குப் பதிலடியாக வெரைசான் மோட்டரோலாவின் டிராய்டு போனைத் தேர்ந்தெடுத்து விளம்பரங்களைக் கொட்டிவிட்டது. கடையில் நிற்கும் விற்பனையாளர், கேட்டு வந்தவருக்கு எதை எடுத்து நீட்டுவார்? நிலைமை புரிந்து, வெரைசான் ஊழியர்களுக்குத் தன் போனைச் சொல்லிக்கொடுக்க பாம் தன் சார்பில் ஏறக்குறைய 200 பேரைக் கடை கடையாக அனுப்பியது. வாங்குபவரின் மனசைப் பிடிப்பதற்கு முன்னால் விற்பவரின் மனசைப் பிடிக்க வேண்டிய நிலை.

பாம் மீது பழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ப்ரீயின் சறுக்கு மூடி ஆடியது, உடம்பு பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். வெளியார் செயலி எழுதுவதற்கான கருவிகள் போன் விற்பனைக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் கிடைத்தன.

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இருக்கிறது. விலையைவிட, அபராதத்தைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். விற்காமல் நின்ற அந்த ஐந்தரை லட்சம் போன்களை மக்கள் கையில் எடுத்துப் பார்த்து வேண்டாம் என்று வைத்தார்களா? அல்லது யாருமே எடுத்துக் காட்டவில்லையா? கணக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பொருளைச் செய்தவருக்குத் தன் தவறு எது, கடைக்காரரின் அசட்டை எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆப்பிளும் 2011 பிப்ரவரி வரை அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே கேரியரை நம்பித்தான் இருந்தது. ஆனால் அதனிடம் 2001 முதலே சொந்தக் கடைகள் இருந்தன. ஐபோனை மேசைமேல் வைத்து, வந்தவர் முகத்தை நேரில் பார்க்க அதனால் முடிந்தது. பாமிடம் இருந்தது கேரியர் அனுப்பும் எண்கள்தான்.

2013 மார்ச்சில் டி-மொபைல் இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கைவிட்டது. மற்றவர்களும் மெல்ல மெல்ல மாதத் தவணைக்கு மாறினார்கள். போனின் உண்மை விலை பில்லில் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. அது பெரிய நன்மை. ஆனால் தவணை முடியும்வரை வாடிக்கையாளர் அங்கேயே கட்டுண்டு கிடக்கிறார், போனை எடுத்து நீட்டுவதும் அதே கவுன்டர்தான்.

எச்.பி. 2011 ஆகஸ்டில் ப்ரீயின் வாரிசுகளை நிறுத்திவிட்டது. அதன் உயிரான வெப்ஓஎஸ் மென்பொருளை 2013-ல் எல்.ஜி. வாங்கியது. இப்போது அது எல்.ஜி. டிவிகளில் ஓடுகிறது. கடைக்குப் போகிறவர் நாலு டிவியை ஓடவிட்டுப் பார்த்து, பிடித்ததை எடுத்து வருகிறார். கேபிள்காரரிடம் கேட்டுக்கொண்டு அல்ல.