தூரத்துப் பச்சையும் துரை பங்களாவும்
ஊவா மலைநாட்டு விருந்தினர் கட்டடங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

மலைப்பாங்கான இடங்களில் எழும் உல்லாசப் பயண விடுதிகளைப் பற்றி எழுதுவோர், 'இயற்கையோடு இயைந்த கட்டடம்' என்னும் தொடரை மிகுதியாகக் கையாளுகின்றனர். எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சரிவுகளில் விடுதிகள் பெருகிவரும் இக்காலத்தில், இத்தொடர் அழகியற் பாராட்டாகவும் வணிக விளம்பரமாகவும் ஒருங்கே பயன்படுகிறது. அதனை ஏற்கும் முன்னர், ஈண்டு 'இயற்கை' எனப்படுவது யாது, இயைபு யாருடைய நிலையில் நின்று காணப்படுகிறது என்னும் வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.

இலங்கையில் இவ்வகைக் கட்டடக் கலைக்கு முதன்மையான சான்று, ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் தம்புள்ளைக்கு அருகே திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலாகும். பாறையின் வளைவைத் தழுவி நீண்டு செல்லும் அக்கட்டடத்தின் மேல் செடிகொடிகள் படர்ந்துள்ளன. மழைநீர் தன் வழியே ஓடுவதற்கு இடம்விட்டு அது தூண்கள்மீது உயர்த்தப்பட்டுள்ளது. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், அது கட்டப்படுவதற்கு முன்னரே குளத்துநீரும் சூழலும் கெடும் எனச் சூழலியலாளரும் ஊர்மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பது மனங்கொளத்தக்கது. காட்சியளவில் மறைந்து நிற்கும் கட்டடமும் நீரையும் நிலத்தையும் அவற்றைச் சார்ந்து வாழ்வோரையும் பற்றிய வினாக்களிலிருந்து தப்ப முடியாது என்பதே இதன் பொருள்.

கண்டலமையின் முன்மாதிரியை ஊவாவுக்குக் கொண்டுவரும்போது ஓர் அடிப்படை வேறுபாடு எதிர்ப்படுகிறது. இங்குப் பயணி காணும் பச்சை, பெரும்பகுதி மனித உழைப்பின் விளைவாகும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் மலைநிலங்களைத் தோட்ட முதலாளிகளின் கைக்கு மாற்ற வழிகோலியது. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி வீழத் தேயிலை பரவியது. தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் கான் வெட்டி, கல்லடுக்கி, கொழுந்து பறித்து உருவாக்கிய நிலத்தோற்றமே இன்று 'இயற்கை எழில்' என விலைபோகிறது. கோகிலம் சுப்பையா 1964 இல் வெளியிட்ட தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' எனப் பெயரிட்டமை ஆழ்ந்த பொருளுடையது. தூரத்தில் நிற்பவனுக்கே அது வெறும் பச்சை.

தமிழ்த் திணைக் கோட்பாடு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, கருப்பொருளுள் அந்நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தது. நிலத்தைத் தொழிலினின்று பிரித்துக் காணும் பார்வை அதற்கு அந்நியமானது. இன்றைய உல்லாசப் பயணத்தின் கருத்துநிலையோ முதற்பொருளை மட்டும் விற்பனைக்கு வைக்கிறது. தொழிலாளியை அது ஏற்குமாயின், கூடை சுமந்த ஓர் உருவமாகவே, நிழற்படத்தின் ஓரத்தில் ஏற்கிறது.

ஹப்புத்தளையில் 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் மாளிகை, இங்கிலாந்தின் கல்மாளிகையை மலைமீது பெயர்த்து வைத்ததுபோல் நிற்கிறது. அதில் ஆதிக்கம் வெளிப்படையாகப் பேசுகிறது. இன்றைய விடுதி கூரையில் புல் வளர்த்து அடக்கமாகப் பேசுகிறது. சில துரை பங்களாக்களும் விருந்தினர் இல்லங்களாகிவிட்டன. பார்வைக்கு உகந்த உச்சி யாருக்கு, சரிவு யாருக்கு என்னும் பங்கீடு மட்டும் பெரிதும் மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி அளவான லயத்துக் காம்பிராக்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றின் கீழுள்ள மண் அவர்களுள் பெரும்பாலோர்க்கு உரிமையானதன்று.

இது அழகியல் வாதத்தோடு முடியும் செய்தியன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்புக்குள்ளாயிற்று. சரிவை வெட்டித் தளம் அமைக்கும்போது மேலுள்ள மண் தன் தாங்குதலை இழக்கிறது. கான்கள் அடைபட்டால் மழைநீர் மண்ணுள் ஊறிப் பாரத்தைக் கூட்டி, அதன் பிணைப்பைத் தளர்த்துகிறது. மேலே வெட்டுபவன் ஒருவன், கீழே புதைபவன் வேறொருவன் என்னும் நிலை இதனால் உருவாகலாம். அத்தகைய கட்டடத்தின் சுவரில் பாசி படர்ந்திருப்பது எவ்வகை இயைபு?

எனவே, நிலைபேறான கட்டடத்துக்குரிய அளவுகோல்களை நாம் மாற்றியமைத்தல் அவசியமாகிறது. முதலாவது, சரிவையும் நீரோட்டத்தையும் மாற்றாது சிறிய அளவில், தூண்கள்மேல் எழும் அமைப்பு. இரண்டாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு விடுதிக்கும் லயத்துக்கும் ஒரே கண்டிப்புடன் செயற்படுத்தப்படுதல். மூன்றாவது, கான்வெட்டிலும் கல்லடுக்கிலும் தலைமுறைகளாகப் பெற்ற தொழிலாளரின் அறிவு வரைபட மேசைக்கு வருதல். இறுதியாக, அப்பச்சையை ஆக்கியோருக்கு அதன் வருவாயிலும் நிலத்திலும் உரிமை.

மலையோடு இயைந்து வாழ்தல் என்பது மலையின் ஆபத்தை ஒரு வர்க்கத்துக்கும் அதன் அழகை மற்றொரு வர்க்கத்துக்கும் பகிர்ந்தளிப்பதாக இருத்தல் ஆகாது. ஒரு விடுதியை மதிப்பிட விரும்புவோர் அதன் மாடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதாது. பள்ளத்தாக்கின் லயத்து வாசலில், மழைநாளொன்றில் நின்று அவ்விடுதியை அண்ணாந்து பார்க்கவும் வேண்டும்.