சித்திரையில் வரும் போன்

பங்குனியில் ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து சித்திரை பிறக்கும்போது கரிசலில் காடு சும்மா கிடக்கும். உளுந்தும் மக்காச்சோளமும் விற்ற காசு கொஞ்சம் மிச்சமிருக்கும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கல்லூரிகளின் போன் வருவது அப்போதுதான். "அண்ணாச்சி, தம்பி என்ன குரூப்? பஸ் உங்க ஊருக்கே வரும்." பின்னாலேயே வாட்ஸ்அப்பில் வண்ணப்படம். யாரும் கேட்டு வந்ததல்ல.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது 1984-இல். கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியும் அந்த ஆண்டில் பிறந்ததே. அன்று சீட்டுக்காகப் பிள்ளைகள் அலைந்தார்கள். இன்று பல கல்லூரிகள் பிள்ளைகளுக்காக அலைகின்றன. காலியாகப் போன ஓர் இடம் பெரும்பாலும் நாலு வருசத்துக்கும் காலிதான். வகுப்பில் அறுபது பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் வாத்தியார் சம்பளம் ஒன்றே. குறுஞ்செய்திக்கோ பைசாக் கணக்குதான் செலவு. ஆயிரம் பேரில் ஒருவர் சேர்ந்தால் போதும்.

இதை வெறும் தொல்லை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வீட்டில், கல்லூரியைப் பற்றி நின்று பேசுகிற முதல் ஆள் சில சமயம் இந்த போன்காரர்தான். முதல் பட்டதாரிச் சலுகை உண்டு என்பதையோ, ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்பில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடும் அதில் கட்டணத்தை அரசே கட்டும் ஏற்பாடும் இருப்பதையோ அவர் வாயால் கேட்க நேர்ந்தால் அது லாபமே.

கோளாறு அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. "இப்பவே கொஞ்சம் கட்டி இடத்தைப் பிடிச்சிருங்க." சலுகை ஏதோ அந்தக் கல்லூரி கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. கொடுப்பது அரசு, அதுவும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான். அவசரத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிய பிள்ளைக்கு, எந்தச் சலுகையைச் சொல்லி அழைத்தார்களோ அதுவே கிடைக்காமல் போகும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருப்பதும், அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுவதும் அந்த வண்ணப்படத்தில் இருக்காது. கட்டடம் இருக்கும், கம்பெனி முத்திரைகள் இருக்கும்.

பிள்ளைகளின் போன் நம்பர் கல்லூரிகளுக்கு எப்படிப் போனது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு மாணவர் விவரங்களைக் காசுக்குத்தான் கல்லூரிகளுக்குத் தருகிறது. அதன் மேல் வழக்கும் வந்தது. ஆனாலும் அங்கே சம்மதம் கேட்கும் கட்டம் ஒன்றாவது உண்டு. நம்முடைய 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு நிறையாதவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்குத் தடை எழுதப்பட்டிருக்கிறது. ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பதினேழுதான்.

போனில் பேசுபவர் பல இடங்களில் அங்கே பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியர். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் தலையில் ஒரு டார்கெட். "இது கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" என்று நேராகக் கேட்டால் அவர்களில் பலர் பொய் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்படிக் கேட்கலாம் என்பதை அந்த அண்ணாச்சிக்கு யாரும் சொல்லவில்லை.