மடுல்கெல்லவின் வெளிச்சத்துக்கு எந்தத் திரை?

கணினிக் கடையில் இரண்டு மொனிட்டர்களை அருகருகே வைத்துக் காட்டினால் பளபளப்புத் திரைதான் வெல்லும். அதில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், சிவப்பு எழுந்து நிற்கும். பக்கத்தில் மேட் திரை சோர்ந்து தெரியும். அந்தப் போட்டியின் முடிவை நம்பி யாரும் வாங்கக் கூடாது. கடையில் வெளிச்சம் கூரையிலிருந்து கீழே விழுகிறது. திரையில் ஓடுவதும் வண்ணத்தைக் காட்டுவதற்கென்றே தேர்ந்த படம். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக அந்தப் பெட்டி மடுல்கெல்லவுக்கு ஏறி வந்தபின் அதன்மேல் விழப்போவது வேறு வெளிச்சம்: நக்கிள்ஸ் மலைச்சரிவில் மூட்டம் இறங்கிய பகலில், வாசல் வழியே கிடையாக உள்ளே வரும் வெள்ளை.

மேட் திரை வெளிச்சத்தைத் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பதில்லை. கண்ணாடியானாலும் பிளாஸ்டிக்கானாலும், பூச்சு எதுவும் இல்லாத பரப்பு தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பளபளப்புத் திரை அதை ஒரே திசையில், உருவம் கலையாமல் அனுப்புகிறது; வாசல் நிலையும் நம் முகமும் அதில் தெரிவது அதனால்தான். மேட் திரையின் மேற்பரப்பில் இருக்கும் மிக நுண்ணிய மேடுபள்ளங்கள் அதே ஒளியைப் பல பக்கமும் சிதறடிக்கின்றன. ஒளி குறைவதில்லை, பரவுகிறது. ஆகவே வீட்டில் ஒளி எங்கிருந்து, எவ்வளவு அகலமாக வருகிறது என்று பார்க்காமல் எந்தத் திரைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தோட்டத்து லயத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய காம்பரா 10 அடிக்கு 12 அடி. வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் வாசல்தான் வழி, முன்னால் இஸ்தோப்பு. கட்டிலும் அலுமாரியும் போக மேசைக்கு மிஞ்சுவது உள்சுவர் ஓரம். அங்கே வைத்தால் திரை வாசலைப் பார்த்து நிற்கும். 24 அங்குல மொனிட்டருக்கும் வாசலுக்கும் இடையே 3 மீற்றர், பிள்ளை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சென்ரிமீற்றர் அகல வாசலின் பிம்பம் பளபளப்புத் திரையில் 15 சென்ரிமீற்றர் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். திரையின் மொத்த அகலமே 53 சென்ரிமீற்றர்தான். நடுவில் பிள்ளையின் தலை கொஞ்சம் மறைக்கும். ஆனால் பாடசாலை விட்டு வந்த வெள்ளைச் சீருடை தலைக்குக் கீழே தெளிவாகத் தெரியும்.

வாசலின் பிம்பம் திரையை எவ்வளவு வெளிறச் செய்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மூட்டம் வெளுத்த பகலில் வெளியே தெரியும் வெண்மையின் ஒளிர்வு சதுர மீற்றருக்குச் சில ஆயிரம் கேண்டெலா வரும். 4000 என்று வைத்தால் அதில் 4 சதவீதம் 160. சாதாரண வீட்டு மொனிட்டரின் முழு வெள்ளை 250. வாசல் விழுந்த பட்டையில் வெள்ளைக்கு 410, கறுப்புக்கு 160. வேறுபாடு இரண்டரை மடங்குதான். பெட்டியில் அச்சிட்ட 1000:1 அந்த இடத்தில் செல்லாது. இணையப் பக்கத்தின் சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே சர்வதேச அணுகல் வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்ச வேறுபாடே 4.5 மடங்கு. இதே ஒளியை எல்லாத் திசைக்கும் சமமாகச் சிதறடிக்கும் பரப்பு ஒன்று இருந்தால், திரை முழுவதும் 10 கேண்டெலா அளவு வெளிறல் படிந்து, வேறுபாடு 25 மடங்காக நிற்கும். உண்மையான மேட் திரை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். லயத்து வாசல் போல ஒளி ஒரு சிறு திறப்பால் மட்டும் வரும் இடத்தில்தான் சிதறடிப்பது இவ்வளவு பலன் தரும்.

இன்னொன்றும் உண்டு. பளபளப்புத் திரையில் வாசலின் பிம்பம் திரைப்பரப்பில் ஒட்டியிருப்பதில்லை. திரைக்குப் பின்னால் 3 மீற்றர் ஆழத்தில் இருப்பதாகவே கண்ணுக்குப் படும். எழுத்து இரண்டடியில், வாசல் அதற்கும் அப்பால். இரண்டும் கண்ணைத் தம் பக்கம் இழுக்கின்றன. மேட் திரையில் பிம்பம் கலைந்துவிடுவதால் அந்த இழுப்பு இல்லை. கண்ணுக்கு நல்லது என்ற விற்பனைப் பேச்சில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி இவ்வளவுதான்.

பளபளப்புத் திரையின் பக்கத்து வாதமும் வலுவானதே. மேட் பரப்பு உள்ளே வரும் ஒளியை மட்டும் சிதறடிப்பதில்லை, திரையிலிருந்து வெளியே வரும் ஒளியையும் கொஞ்சம் கலைக்கிறது. ஒரு டிரேசிங் தாளை அச்செழுத்தின் மேல் படிய வைத்தால் எழுத்து தெரியும். விரலளவு உயர்த்தினால் மங்கிப்போகும். மேட் பரப்புக்கும் பிக்சலுக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட இதுவே நடக்கும். பரப்பு சொரசொரப்பாக இருந்துவிட்டால் வெள்ளைப் பக்கம் முழுக்க மணல் தூவியது போல மினுக்கும். தமிழ் வாசிப்பவருக்கு இது சின்னக் குறை அல்ல. 24 அங்குல முழு எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளியும், கொம்பின் சுழியும் ஒன்றிரண்டு பிக்சலில் நிற்கின்றன. கலைந்தால் முதலில் போவது அவைதான். ‘நெ’யும் ‘நே’யும் ஒன்றாகிவிடும். கனத்த மேட் திரையை நான் நிராகரிப்பதற்கு முதற்காரணம் இது.

மேட் என்றாலே எல்லாம் ஒன்றல்ல என்பதைக் கடைகள் சொல்வதில்லை. ஆன்டி-கிளேர் என்றால் ஒளியைச் சிதறடிக்கும் பரப்பு. ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் என்றால் மெல்லிய பூச்சு. ஒளியலைகளை ஒன்றையொன்று அழிக்கவைத்து, அந்த 4 சதவீதத்தையே குறைப்பது. மூக்குக்கண்ணாடிக்கு அடிக்கும் பூச்சும் இதே வகைதான். இந்தப் பூச்சுள்ள பளபளப்புத் திரையை, பூச்சில்லாத வெறும் பளபளப்போடு சேர்த்துத் தள்ளுவது நியாயமாகாது. பெட்டியில் காணும் 3எச் என்பது பென்சில் கீறலைத் தாங்கும் கடினம். பிரதிபலிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரப்பின் கனத்தை அறிய நேரான வழி, அணைத்த திரைக்கு முன்னால் கைப்பேசி டோர்ச்சைப் பிடிப்பதுதான். கூர்மையான புள்ளி தெரிந்தால் பளபளப்பு. ஓரம் கலைந்த சிறு வட்டம் என்றால் இலேசான மேட். திரையில் பாதிக்கு வெண்புகை படர்ந்தால் கனத்த மேட்.

சந்தையின் போக்கும் நமக்குத் தீர்ப்பாகாது. 1990இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த பணிப்பு, வேலைத்தலத் திரைகளில் தொந்தரவு தரும் பிரதிபலிப்பு இருக்கக் கூடாது என்றது. அலுவலகத்துக்கென்று செய்யும் மொனிட்டர்கள் இன்றும் பெரும்பாலும் மேட்தான். வீட்டுக்கு வருபவை படம் பார்ப்பதற்காகப் பளபளத்தன. அப்பிள் நிறுவனம் 2012இன் ரெட்டினா மக்புக் புரோவில் மேட் தெரிவைக் கைவிட்டது. 2019இல் தன் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆருக்கு நுண்மேட் கண்ணாடியை 1000 டொலர் கூடுதல் விலைக்குத் தந்தது. 2024இல் மக்புக் புரோவுக்கே 150 டொலருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. வேண்டாமென்று கைவிட்டதைப் பிறகு காசுக்கு விற்றார்கள். இவ்வளவு காலத்தில் ஒளியின் இயல்பு மாறவில்லை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வீடுகளும் இருக்கின்றன. இந்திய வீட்டுத் திட்டத்தில் தோட்டங்களில் எழுந்த, 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்ட வீட்டில் அறைகளுக்கு யன்னல் உண்டு; மேசைக்குப் பக்கச் சுவர் கிடைக்கும். பின்னால் இருள் சுவரும் பக்கத்தில் யன்னலுமாக உட்கார முடிந்தால் பளபளப்புத் திரையில் பிரதிபலிக்க ஒன்றுமில்லை. அங்கே அது தன் முழு அழகையும் தரும். இஸ்தோப்பில் வைத்தாலோ நிலைமை வேறு. மூன்று பக்கமும் மூட்டம் வெளுத்திருக்க, மேட் திரை எல்லாப் பக்கத்து ஒளியையும் வாங்கித் தன்மேல் பூசிக்கொள்ளும். பளபளப்புத் திரையையாவது இருண்ட சுவரைப் பார்க்கத் திருப்பலாம். மேட்டை எப்படித் திருப்பினாலும் வெளிறல் கூடவே வரும்.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் சொல்வது இது. மடுல்கெல்லவில், பகலில் பிள்ளைகள் படிக்கவும் பெரியவர்கள் படிவம் நிரப்பவும் வாங்கும் ஒரே கணினிக்கு இலேசான மேட் திரைதான் சரி. கண்டிக் கடைகளில் கிடைக்கும் பாவித்த அலுவலக மொனிட்டர், டோர்ச் சோதனையில் தேறினால், இந்த வேலைக்குப் போதும். இரவில் கதவு சாத்தி விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கும், புகைப்படம் திருத்துபவருக்கும் பூச்சுள்ள பளபளப்புத் திரை. பூச்சில்லாத வெறும் பளபளப்பை இங்கே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பளபளப்புத் திரையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒட்டுகிற மேட் படலத்துக்குக் காசு போட வேண்டாம். படலம் பிக்சலிலிருந்து கூடுதலாகத் தள்ளி நிற்கிறது; டிரேசிங் தாளை உயர்த்திய கதைதான். மேசையை வாசலுக்குச் செங்கோணத்தில் திருப்பி, திரையின் மேல்விளிம்பைச் சற்றே முன்னால் சாய்த்து, அணைத்த திரையில் என்ன தெரிகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். வாசல் தெரியாமல் சுவர் மட்டும் தெரிந்தால் புதிய மொனிட்டர் தேவையில்லை.